மூன்றாவது மாடி வீட்டுக்கு ஒரு பொமரேனியன்

"சென்னையில் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. என் அம்மா எங்களோடு இருக்கிறார். மகள் இரண்டு ஆண்டுகளாகப் பொமரேனியன் வேண்டும் என்று கேட்கிறாள். சின்ன நாய்தானே, பெரிய தொந்தரவு இருக்காது என்று நினைக்கிறோம். வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். பகல் முழுவதும் வீட்டில் ஆள் இருக்கிறார். வீடு எத்தனை சதுர அடி என்பதைவிட நாய்க்கு அதுதான் முக்கியம். ஆனால் "சின்ன நாய்தானே" என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடச் சொல்வேன். 22 ஆண்டுகளாகச் சென்னையில் நாய்களுக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். பெரிய நாய் வாங்குகிறவர்கள் பயத்தினாலாவது அதைப் பழக்குகிறார்கள், நடக்க அழைத்துப் போகிறார்கள், பல்லைப் பார்க்கிறார்கள். சின்ன நாய்க்கு மடி ஒன்று போதும் என்று இருந்துவிடுகிறார்கள். ஐந்து வயதில் மூச்சிரைத்துக்கொண்டு, பல் ஆடிக்கொண்டு, அந்நியரைக் கண்டால் நடுங்கிக் குரைத்துக்கொண்டு என் மேசைக்கு வரும் பொமரேனியன்களில் பலவும் அப்படி வளர்ந்தவைதான். மூன்று கிலோ எடைக்குள் முழு நாய் ஒன்று இருக்கிறது. மோப்பம் பிடிக்கவும், ஓடவும், காவல் காக்கவும் பிறந்த நாய் அது.

முதலில் நீங்கள் மனத்தில் வைத்திருப்பது பொமரேனியன்தானா என்று பார்ப்போம். நம் ஊரில் 1980களிலும் 90களிலும் தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்த, கூர்மையான மூக்கும் பால் போன்ற வெள்ளை முடியும் கொண்ட நாயை எல்லோரும் பொமரேனியன் என்றுதான் சொன்னோம். பெரும்பாலும் அது இந்தியன் ஸ்பிட்ஸ். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றல்ல. பொமரேனியன் சுமார் ஒன்றரை முதல் மூன்றரை கிலோ வரை இருக்கும். முகம் குட்டை, காது சிறியது, முடி பந்து போலத் திரண்டு நிற்கும். இந்தியன் ஸ்பிட்ஸில் சிறிய வகையே ஐந்து முதல் ஏழு கிலோ வரும். எலும்பு உறுதியானது, மூக்கு நீண்டது, பல தலைமுறைகளாக நம் வெயிலில் வளர்ந்தது.

இந்த வேறுபாடு பெயரோடு முடிந்துவிடுவதில்லை. பால்டிக் கடலோரத்தில், இன்றைய போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே பரவிக் கிடக்கும் பொமரேனியாவிலிருந்து வந்த பெயர் அது. இந்த நாயின் முன்னோர் குளிர்நாட்டு ஸ்பிட்ஸ் நாய்கள்; இன்றைய பொமரேனியனைவிடப் பல மடங்கு பெரியவை. விக்டோரியா அரசி 1888-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலிருந்து மார்கோ என்ற சிறிய பொமரேனியனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு சிறியதே அழகு என்றாயிற்று; வளர்ப்பவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை உடலைக் குறைத்துக்கொண்டே போனார்கள். உடல் சுருங்கியது. பனிக்கு ஏற்ற இரட்டை முடியும், அந்நியர் வந்தால் குரல் கொடுக்கும் குணமும் அப்படியே நின்றுவிட்டன. சென்னை அடுக்குமாடியில் பொமரேனியன் வளர்ப்பவருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த மூன்றிலிருந்தே வருகிறது: சுருங்கிய உடல், தடித்த முடி, ஓயாத குரல்.

உடலிலிருந்து தொடங்குகிறேன். ஒரு காலை ஏழு மணிக்கு, முகம் துடைக்கும் துண்டில் சுற்றி ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். எடை போட்டபோது 600 கிராம்கூட இல்லை. தலை ஒரு பக்கம் தொங்கியது, கண் திறந்திருந்தும் பார்வை எதிலும் நிற்கவில்லை, ஈறு வெளிறி, தொட்டால் சில்லென்று இருந்தது. முந்தைய நாள்தான் வாங்கியிருக்கிறார்கள். புது இடம், இரவெல்லாம் பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்கி விளையாடியிருக்கிறார்கள், குட்டி சாப்பிடாமலே தூங்கிவிட்டது. "டீகப் பொமரேனியன்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். விரல்நுனியில் குளுக்கோஸ் கரைசலைத் தொட்டு ஈறில் தடவத் தடவ, பத்து நிமிடத்தில் முதலில் நாக்கு அசைந்தது, பிறகு காது. அந்தக் குட்டி பிழைத்தது. பிழைக்காதவையும் உண்டு.

குட்டி நாயின் ஈரலில் சர்க்கரை இருப்பு மிகக் குறைவு. சிறிய இனங்களில் அது இன்னும் குறைவு. ஒரு வேளை தவறினாலோ, குளிர் பட்டாலோ, வயிற்றில் பூச்சி இருந்தாலோ, அளவுக்கு மீறி விளையாடினாலோ ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். ஆகவே நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை உணவு, கடைசி வேளை நீங்கள் தூங்கப் போகும் முன். குட்டி தள்ளாடினாலோ துவண்டு கிடந்தாலோ, தேனையோ குளுக்கோஸையோ ஈறில் தடவிவிட்டு, துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

டீகப் என்று ஓர் இனம் கிடையாது. வளர்ச்சி குன்றிய குட்டிக்கும், வயது வரும் முன்பே தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கும் வைத்த விற்பனைப் பெயர் அது. சில குட்டிகளுக்கு உச்சந்தலை எலும்பு மூடாமல் மெத்தென்றே இருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அப்படிப்பட்ட குட்டியைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இனி உங்கள் மகன். நான்கு வயதுப் பிள்ளை நாயைத் துன்புறுத்துவான் என்று நான் சொல்லவில்லை. அன்பினால்தான் தூக்குவான். குட்டி நெளியும், பிடி நழுவும். உங்கள் வீட்டுத் தரை டைல்ஸ் என்றால், அவன் நெஞ்சு உயரத்திலிருந்து விழுந்தாலே முன்னங்கால் எலும்பு முறியப் போதும். சிறிய இன நாயின் முன்னங்கால் எலும்பு பென்சிலைவிட மெல்லியது. அங்கே ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் கட்டுப் போட்டாலும் எளிதில் கூடாது, பல நேரம் தகடு வைத்து அறுவை செய்ய வேண்டிவரும். எனவே வீட்டில் ஒரே சட்டம்: பிள்ளைகள் நாயைத் தூக்கக் கூடாது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால், நாய் தானாக வந்து மடியில் ஏறிக்கொள்ளலாம். இது 9 வயது மகளுக்கும் பொருந்தும். சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகனையும் நாயையும் தனியாக ஓர் அறையில் விட்டுவிட்டுப் பால் கொதிக்கிறதா என்று பார்க்கப் போவதும் வேண்டாம்.

என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். மகனுக்கு ஆறு வயதாகும்வரை காத்திருந்தால் நல்லது. காத்திருக்க முடியாது என்றால், குட்டியை விட்டுவிட்டு இரண்டு மூன்று வயதான இந்தியன் ஸ்பிட்ஸைத் தத்தெடுங்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் விட்டுச்செல்லும் வளர்ந்த நாய்கள் எத்தனையோ உண்டு. குணம் தெரிந்த, பழகிய நாயாகப் பார்த்து எடுக்கலாம். என் வீட்டில் இருந்த சிட்டு அப்படி வந்தவள்தான். வந்தபோது அவளுக்கு மூன்று வயது. பதினைந்து வயதுவரை எங்களோடு இருந்தாள்.

ஆயுளையும் எண்ணிப் பாருங்கள். இந்த நாய்கள் 12 முதல் 16 ஆண்டுகள் வாழ்கின்றன. இன்று கேட்கும் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும், கண் மங்கிய அந்தக் கிழ நாயை இரவில் வெளியே அழைத்துப் போகப் போவது நீங்களும் உங்கள் மனைவியும்தான்.

அடுத்து உங்கள் அம்மா. இந்த வீட்டில் நாய் யாரோடு ஒட்டிக்கொள்ளும் என்று கேட்டால், அவரோடுதான். ஆகவே முடிவெடுக்கும் முன் அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம். விருப்பம் என்றால், இரண்டு விஷயம். ஒன்று, சின்ன நாய் சத்தமில்லாமல் வந்து காலடியில் படுத்துக்கொள்ளும். வயதானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். நாயின் பட்டையில் ஒரு சிறு மணி கட்டிவிடுங்கள்.

இன்னொன்று, பிஸ்கட். மூன்று கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 200 முதல் 250 கலோரி. ஒரு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி இருக்கிறது. காபி குடிக்கும்போது இரண்டு, மதியம் ஒன்று, மாலையில் இரண்டு என்று கொடுத்தால், அந்த நாயின் பாதி நாள் உணவு மாவும் சர்க்கரையுமாகவே போய்விடுகிறது. பிறகு தட்டில் வைத்ததைத் தொடாது. "சாப்பிடவே மாட்டேன் என்கிறது டாக்டர், பிஸ்கட் மட்டும்தான்" என்று அழைத்து வருகிறார்கள். வயிறு பூசணிக்காய் போல இருக்கும். பிஸ்கட் டப்பாவை எட்டாத அலமாரியில் வைத்துவிட்டு, பாட்டி கொடுக்க வேகவைத்த கேரட்டையோ கோழியையோ பட்டாணி அளவில் நறுக்கி ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். கொடுக்கும் மகிழ்ச்சியும் அவருக்குக் கிடைக்கும், நாயும் கெடாது.

சோறு கொடுக்கவே கூடாதா என்றால், கொடுக்கலாம். சோறோடு வேகவைத்த கோழி அல்லது முட்டை, கொஞ்சம் காய், உப்பு காரம் இல்லாமல். தயிர் சாதம் மட்டுமே கொடுத்து வளர்த்தால் புரதம் போதாது. முடியும் தோலும் முதலில் காட்டிக்கொடுக்கும். வீட்டுச் சாப்பாட்டைக் கணக்காகக் கொடுக்கத் தெரியவில்லை என்றால் தரமான உலர் உணவே மேல். சாம்பார் சாதம் வேண்டாம்; சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை சேர்த்த சர்க்கரையில்லா இனிப்பு இரண்டும் நஞ்சு. நாய்க்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு அரை மாத்திரை என்பது இரண்டு கிலோ உடலுக்கு எவ்வளவு பெரிய அளவு என்று நினைத்துப் பாருங்கள்.

முடியைப் பற்றி ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரே கேள்வி வரும்: வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாமா? வேண்டாம். பொமரேனியனுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீண்ட முரட்டு முடி, அடியில் பஞ்சு. மேலடுக்கு வெயில் தோலில் நேராகப் படாமல் தடுக்கிறது. ஒட்ட வெட்டிவிட்டால் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதே இல்லை. திட்டுத்திட்டாகச் சொட்டை விழுந்து, மிச்சம் கம்பளி போல ஆகிவிடும். செய்ய வேண்டியது, அடியில் உதிர்ந்து சிக்கிக் கிடக்கும் பஞ்சைச் சீவி எடுப்பதுதான். காற்று உள்ளே போகும். வாரத்துக்கு மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம். மேலோட்டமாகச் சீவினால் பளபளவென்று தெரியும், அடியில் சிக்கு அப்படியே இருக்கும். ஒரு கையால் முடியை வகிர்ந்து தோல் தெரியும்படி பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து வரிவரியாகச் சீவுங்கள். காதின் பின்புறம், அக்குள், தொடைப் பின்பகுதி ஆகிய மூன்றிலும்தான் சிக்கு முதலில் கட்டும். அங்கே உங்கள் மகளின் விரல்கள் நன்றாக வேலை செய்யும். இந்தப் பொறுப்பை அவளுக்கே கொடுங்கள். சீவும்போதே காதுக்குள்ளும் கால்விரல் இடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

நடை காலை ஏழு மணிக்கு முன், மாலை வெயில் தாழ்ந்த பின். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் அந்தப் பாதத்துக்கும் தாங்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வாய் அகலத் திறந்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் ஒழுகி மூச்சிரைத்தால் சாதாரணத் தண்ணீரால் வயிற்றையும் தொடை இடுக்கையும் நனைத்து, மின்விசிறிக்குக் கீழே வைத்து, அப்படியே ஈரத்தோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

குரைப்பைப் பற்றி அண்டை வீட்டார் சொல்வதற்கு முன் நீங்களே தயாராகிவிடுங்கள். பால்காரர், கூரியர் பையன், எதிர்வீட்டுச் சாவிச் சத்தம் எல்லாவற்றுக்கும் இந்த நாய் பதில் சொல்லும். "சும்மா இரு" என்று நீங்கள் கத்தினால், நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். குட்டி வந்த இரண்டாவது வாரத்திலிருந்து இப்படிச் செய்யுங்கள்: மகள் வெளியே போய் அழைப்பு மணியை ஒருமுறை அடிக்கட்டும். நீங்கள் உள்ளே, கதவிலிருந்து தள்ளிப் போட்ட பாயில் ஒரு துண்டு கோழியை வையுங்கள். மணி, பாய், துண்டு. ஒரு நாளைக்கு ஐந்து முறை. இரண்டு மூன்று வாரத்தில் மணி அடித்ததும் குட்டி கதவை விட்டுப் பாயைத் தேடி ஓடும். இரண்டு குரைப்பு குரைத்துவிட்டுத்தான் போகும். அதை விட்டுவிடுங்கள், அதன் பிறவி வேலை அது. குடியிருப்போர் சங்கம் நாயே கூடாது என்று சொன்னால், அப்படித் தடை போட அதற்கு அதிகாரமில்லை என்பதை இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதே நேரம் மாநகராட்சி உரிமத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பொது இடத்தில் மலம் கழித்தால் அள்ளிவிடுங்கள்.

மூன்றாவது மாடி என்பதால் இரண்டு எச்சரிக்கை. பால்கனிக் கம்பிகளுக்கு இடையே நம் தலை போகாது, குட்டியின் தலை போகும். குட்டி வருவதற்கு முன்பே வலை அடித்துவிடுங்கள். லிஃப்டில் ஏறும்போது நாயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு உள்ளேயும் நாய் வெளியேயுமாகக் கதவு மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல், மார்பைச் சுற்றிப் போடும் பட்டையில் மாட்டுங்கள். இந்த இனத்துக்கு மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வலுவற்றது. கழுத்தை இழுக்க இழுக்கத் தளர்ந்து, வாத்து கத்துவது போல ஒரு வறட்டு இருமல் தொடங்கும். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மருந்துதான். அதேபோல் நடக்கும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு தாவு தாவிவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஓடினால், விளையாட்டு என்று சிரித்துவிடாதீர்கள். முழங்கால் சில்லு விலகுகிறது. எடையைக் குறைவாக வைத்திருப்பதும், டைல்ஸில் ஒரு விரிப்புப் போடுவதும், சோபாவிலிருந்து குதிக்க விடாததும் பெரிய உதவி. ஆறேழு மாதத்தில் பால் பல் விழாமலே பக்கத்தில் புதுப் பல் முளைத்திருக்கிறதா என்று கோரைப் பற்களைப் பாருங்கள். இருந்தால் எடுத்துவிட வேண்டும். பல் தேய்ப்பதைக் குட்டியிலிருந்தே பழக்குங்கள், நாய்க்கான பற்பசையால் மட்டும்.

தடுப்பூசியில் தள்ளிப்போடுதல் கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுப் போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மீண்டும், அதன் பின் ஆண்டுதோறும். வீட்டு நாய்தானே என்று வெறிநோய் ஊசியை விட்டுவிடாதீர்கள். விளையாட்டில் பல் பட்டுப் பிள்ளைக்குக் கீறல் விழுந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணி மருந்து எடைக்கணக்கில் கொடுப்பது. பக்கத்து வீட்டு லாப்ரடாருக்கு வாங்கியதில் மிச்சத்தை இதற்குப் போடாதீர்கள். பெண் குட்டி என்றால் தகுந்த வயதில் கருத்தடை செய்துவிடுங்கள். இவ்வளவு சிறிய உடலில் பிரசவம் பல நேரம் அறுவை மேசையில்தான் முடிகிறது. செய்யாமல் விட்ட நாய்களுக்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கட்டுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டாவது கருத்து வேண்டும் என்றால் வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

குட்டிதான் வேண்டும் என்று முடிவெடுத்தால், தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவும் கூடாது. முப்பது நாளில் தருகிறேன், சீக்கிரம் பழகும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடிக்கும் அளவும், பயப்பட வேண்டியதும் வேண்டாததும் அந்தக் கடைசி வாரங்களில்தான் தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் குட்டி கற்றுக்கொள்கிறது. போய்ப் பார்க்கும்போது உங்கள் அம்மாவையும் அழைத்துப் போங்கள். அரை மணி நேரம் தரையில் உட்காருங்கள். ஓடிவந்து தொற்றிக்கொள்வதையும் மூலையில் பதுங்குவதையும் விட்டுவிட்டு, கொஞ்சம் பார்த்து, பிறகு தானாக வந்து மோந்து பார்ப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவந்தால் இரண்டு நாள் எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். உறவினரையும் மகளின் தோழிகளையும் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து அதன் படுக்கையில் போடுங்கள். முதல் இரவு அது அழும். சமையலறையில் அடைத்துவிட்டு வராமல், அதன் பெட்டியை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். அழும்போது கையைக் கீழே தொங்கவிட்டால் போதும். மோந்து பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பால்கனியில் விரித்த செய்தித்தாளில் விட்டுவிட்டு, சிறுநீர் கழித்ததும் மெல்லிய குரலில் "நல்ல பிள்ளை" என்று சொல்லித் திரும்பப் படுக்க வையுங்கள். படுக்க வைக்கும் முன், அது எழுந்த நேரத்தில் இரண்டு வாய் உணவு கொடுக்க மறக்காதீர்கள்.